வராத வரிக்கு விலை ஏறிய கதை

செம்பு விலை ஏறும்போதெல்லாம் "அமெரிக்கா இறக்குமதி வரி போட்டுவிட்டது, அதனால்தான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. சுத்திகரித்த செம்பைப் பொறுத்தவரை 2025-இல் அந்த வரி வரவே இல்லை. வரும் என்ற பேச்சுதான் அத்தனை வேலையையும் செய்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் செம்பு இறக்குமதி குறித்து விசாரிக்க டிரம்ப் உத்தரவிட்டார். ஜூலை 8 அன்று 50 சதவீத வரி என்றார். நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் அன்றே விலை 13 சதவீதம் அளவுக்குத் தாவியது. ஜூலை 30 அன்று ஆணை வெளியானபோது பார்த்தால், கேத்தோடு எனப்படும் சுத்திகரித்த செம்புக்கு விலக்கு. தாதுவுக்கும் பழைய செம்புக்கும்கூட விலக்கு. கம்பி, குழாய், தகடு போன்றவற்றுக்கும் செம்பு மிகுந்த சில பொருள்களுக்கும் மட்டுமே வரி. ஏறிய விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்து விழுந்தது.

இடையில் நடந்ததுதான் முக்கியம். வரி வருவதற்குள் சரக்கை அமெரிக்காவுக்குள் இறக்கிவிட்டால் லாபம் என்பது வியாபாரிகளுக்குப் புரிந்துவிட்டது. நியூயார்க் விலை லண்டன் உலோகச் சந்தையின் விலையைவிட வெகுவாக உயர்ந்து நின்றதால், கப்பல் கூலி போகவும் கையில் நிறையவே மிஞ்சியது. ஆசியாவுக்குப் போக வேண்டிய செம்பு அமெரிக்கத் துறைமுகங்களுக்குத் திரும்பியது. 2024 இறுதியில் ஒரு லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த காமெக்ஸ் கிடங்கு இருப்பு, அடுத்த ஆண்டு முடிவதற்குள் நான்கு லட்சம் டன் அளவுக்குப் பெருகியது. இதனால் உலகத்தில் ஒரு கிலோ செம்புகூடக் கூடுதலாக விளையவில்லை. இருந்ததே இடம் மாறி ஓர் ஊரில் குவிந்தது, அவ்வளவுதான்.

 

குவிந்த சரக்கு எப்போது வலிக்கும்? வேறெங்காவது வரத்து குறையும்போது. செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு புகுந்து வேலை நின்றது. உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கங்களில் அது ஒன்று. அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கக்கூடிய இருப்பு அமெரிக்கக் கிடங்குகளில் முடங்கிக் கிடந்தது. 2026 ஜனவரியில் லண்டன் விலை டன்னுக்கு 13,000 டாலரைத் தாண்டியது. பழி முழுவதையும் வரிப் பேச்சின் மீது போட மாட்டேன், சுரங்க விபத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கையிருப்பு பரவலாக இருந்திருந்தால் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

சரி, உள்நாட்டு உற்பத்தி பெருகுமே என்பார்கள். எங்கிருந்து? தனக்குத் தேவையான சுத்திகரித்த செம்பில் ஏறக்குறைய பாதியை அமெரிக்கா வெளியிலிருந்துதான் வாங்குகிறது, பெரும்பகுதி சிலியிலிருந்து. தாதுவை உருக்க அங்கே இயங்கும் பெரிய ஆலைகள் இரண்டே இரண்டு, ஒன்று அரிசோனாவில், மற்றொன்று யூட்டாவில். தோண்டிய தாதுவில் ஒரு பகுதியை உருக்க வழியில்லாமல் அவர்களே ஏற்றுமதி செய்கிறார்கள். அரிசோனாவில் ரெசல்யூஷன் என்ற பெரிய செம்புத் தாதுப் படிவு 1990-களில் கண்டறியப்பட்டது. அனுமதி, வழக்கு என்று முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சீனாவில் உருக்காலைகள் மிகுந்து, தாதுவை உருக்கித் தர ஆலைகள் வாங்கும் கூலி சுழியம்வரை இறங்கிவிட்ட காலத்தில், புதிதாக ஆலை கட்டப் பணம் போடுபவர் யார்? கேத்தோடுக்கு விலக்கு அளித்ததே இந்த நிலைமையை ஒப்புக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன். வரி போட்டிருந்தால் முதல் அடி அவர்களுடைய சொந்தக் கம்பி ஆலைகளுக்கே விழுந்திருக்கும்.

கதை அங்கேயும் முடியவில்லை. சுத்திகரித்த செம்புக்கு 2027-இல் 15 சதவீதம், 2028-இல் 30 சதவீதம் என்ற பரிந்துரையும் அதே ஆணையில் இருக்கிறது. அது கிடக்கும்வரை, உள்ளே போன செம்பை வெளியே விட எவருக்கும் மனம் வராது. அதனால் நான் தலைவர்களின் பேச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். நியூயார்க் விலைக்கும் லண்டன் விலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் பார்க்கிறேன். அது விரிந்தால், கப்பல்கள் மறுபடியும் திசை மாறப்போகின்றன என்று பொருள்.