பிரிக்க முடிந்தாலும் உட்படு வகையிடல்தான் சுலபம்
‘ஒய்-ஐத் தனியாகப் பிரிக்க முடியாதபோது மட்டும்தான் உட்படு வகையிடல் தேவை’ என்கிறது இந்தக் கட்டுரை. ஒய்-ஐப் பிரிக்காமல், சமன்பாட்டின் இரு பக்கங்களையும் அப்படியே வகையிட்டு வளைவரையின் சாய்வைக் காண்பதுதான் உட்படு வகையிடல். பிரிக்க முடிந்தாலும் பல சமயம் அதுதான் சுலபம். எக்ஸ்³ + ஒய்³ = 6·எக்ஸ்·ஒய் என்ற வளைவரையை எடுங்கள்; 1638-ல் கணித அறிஞர் தெக்கார்த் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்குச் சவாலாக விட்ட வகை. முப்படிச் சூத்திரத்தை வைத்து ஒய்-ஐப் பிரிக்கலாம்தான், ஆனால் கனமூலத்துக்குள் வர்க்கமூலம் என்று பக்கம் நிறைந்துவிடும். அப்படியே வகையிட்டால் சாய்வு (2ஒய் − எக்ஸ்²)/(ஒய்² − 2எக்ஸ்). (3, 3) புள்ளியில் சாய்வு −1. இரண்டு வரி வேலை. அப்புறம், ஆதிப்புள்ளியில் (0, 0) இந்தச் சாய்வு 0/0 என்று வருவதால் முறையே தவறு என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. வளைவரை அங்கே தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது, இரண்டு அச்சுகளுமே தொடுகோடுகள். ஒரே ஒரு சாய்வு எப்படிக் கிடைக்கும்?