குன்னூர் சிப்பாயின் ‘1914 கடிதம்’ உண்மையா?

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி முடித்த குன்னூர் இளைஞர் ஒருவர், 1914-ல் முதல் உலகப் போருக்குக் கப்பலேறும் முன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படித்தால் கண் கலங்கும். ஆனால் அது அந்தக் காலத்துக் கடிதமே அல்ல.

படத்தைப் பெரிதாக்கி உறையின் கீழ் மூலையைப் பாருங்கள்: 643 என்று தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு. இந்தியாவில் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். முகவரியில் ‘தமிழ்நாடு’ வேறு. 1914-ல் இது சென்னை மாகாணம். வெலிங்டனில் படைமுகாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது, சரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அங்கே வந்தது 1947-ல்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் போருக்குப் போனது பொய்யில்லை. பாளையங்கோட்டை பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படை, 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறி, நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, மொழிபெயர்த்து எடுத்துவைத்த பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எழுதத் தெரியாத பலர் சொல்லச் சொல்ல, வேறொருவர் எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு. பகிர்வதானால் அவற்றைப் பகிருங்கள்.