ஃபோர்க் ஆனால் என்ன கெட்டுவிடும்?

ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஒன்றை யாராவது ஃபோர்க் செய்துவிட்டால், அதாவது அதன் நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக வளர்க்க ஆரம்பித்துவிட்டால் போதும், "இருக்கிற நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனால் எப்படி உருப்படும்?" என்று புலம்பல் ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தின் கதையைப் பாருங்கள்.

அதில் ஒன்றான நெட்பிஎஸ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் தியோ டி ராட். மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1994 டிசம்பரில் அவரை விலகச் சொல்லி, நிரலில் கைவைக்கும் உரிமையையும் எடுத்துவிட்டார்கள். மறு வருடமே அதே நிரலை எடுத்து ஓப்பன்பிஎஸ்டியை ஆரம்பித்தார். மனக்கசப்பில் பிறந்த ஃபோர்க்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழு பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி நிரலை வரிவரியாகச் சலித்தது. வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் மென்பொருளின் உரிமம் இறுகிப்போயிருந்ததால், கட்டற்ற உரிமத்தோடு இருந்த பழைய பதிப்பிலிருந்து 1999இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சைக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு ஃபோர்க்! இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் எதிலாவது டெர்மினலை (கட்டளை தட்டும் திரையை) திறந்து எஸ்எஸ்எச்சின் பதிப்பைக் கேளுங்கள், பெரும்பாலும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்றுதான் பதில் வரும். அவரை வெளியே அனுப்பிய நெட்பிஎஸ்டியிலும் அதுதான் இருக்கிறது. ஃபோர்க் செய்ய வழியே இல்லாதிருந்தால் ஒரு நல்ல புரோகிராமர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

சரி, நஷ்டமே இல்லையா? இருக்கிறது. இன்டெல் வைஃபை சில்லுகளை இயக்கும் மென்பொருளான ஐடபிள்யூஎம் டிரைவர் ஓப்பன்பிஎஸ்டியில் எழுதப்பட்டது. மற்ற பிஎஸ்டிகளில் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், உள்ளமைப்பு வேறு என்பதால், அங்கெல்லாம் ஒவ்வொருவராக உட்கார்ந்து அதை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. வைஃபை தெரிந்த ஆட்கள் எங்குமே குறைவு என்பதால் இது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் டிரைவர் ஒரே இடத்தில் முடங்கிவிடவில்லை, போய்ச் சேர்ந்தது.

என்னைக் கவலைப்பட வைப்பது ஆண்ட்ராய்டு போன்களில் நடக்கும் ஃபோர்க். சில்லு தயாரிப்பாளர் லினக்ஸ் கெர்னலை எடுத்துத் தன் மாற்றங்களைச் சேர்ப்பார். அப்புறம் போன் கம்பெனி தன் பங்குக்குச் சேர்க்கும். இதில் பெரும்பகுதி மூல லினக்ஸுக்குத் திரும்பவே திரும்பாது. நிரலை வெளியிட்டுவிட்டால் லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் திருப்தியாகிவிடும், ஆனால் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது. நன்றாக ஓடும் போன் அப்டேட் இல்லாமல் ஓரங்கட்டப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். யாரும் சண்டை போடாததால் இதைப் பற்றி யாரும் பதிவும் போடுவதில்லை.

ஆண்ட்ராய்டு 12இலிருந்து, 5.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு லினக்ஸ் கெர்னலோடு வரும் புதுப் போன்களுக்குப் பொதுவான ஒரே கெர்னல் வேண்டும், சொந்தச் சரக்கையெல்லாம் கெர்னலோடு வந்து இணையும் தனித் துண்டான மாட்யூலில் வையுங்கள் என்று கூகுள் கட்டாயமாக்கியது. தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு. அந்த மாட்யூல்களும் மூல லினக்ஸுக்குள் போக வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.