நியூயார்க்குக்கு 6 மணி நேரம்தானா?

"சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு இனி 6 மணி நேரம்தான்" என்று பயணச்சீட்டுப் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. நள்ளிரவுவாக்கில் புறப்பட்டு, காலை 6 மணிவாக்கில் இறங்குவது சரிதான். ஆனால் இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் 18 மணி நேரத்துக்குக் குறையாது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். 6 மணி நேரத்தில் கடக்க, ஒலியைவிட இருமடங்குக்கு மேல் வேகம் வேண்டும். சென்னைக்கும் இப்படித்தான்: நாலு மணி நேரப் பயணம், கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரமாகத் தெரியும்.

விமான நிறுவன இணையத்தளத்தில் மொத்தப் பயண நேரம் தனியாகவே இருக்கும், பாருங்கள். இன்சுலின் போடும் பெரியவர்கள் அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கிளம்பினால், ஊசி போடும் நேரம் குழம்பி ரொம்பச் சிரமம். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.