எல்லா ஆசிரியருக்கும் லட்ச ரூபாய் சம்பளம் இல்லை

"அரசுப் பள்ளி வாத்தியார் எல்லாருக்கும் லட்ச ரூபாய் சம்பளம், பாடம் நடத்துவதைத் தவிர வேறு வேலையே இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டுமே தவறு.

ஓய்வுபெறும் வயதில் இருக்கும் மூத்தவர்கள் சிலர் அவ்வளவு வாங்குவது உண்மைதான். ஆனால் 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர்) அடிப்படை ஊதியம் 5,200 என்றும், அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவருக்கு 8,370 என்றும் நிர்ணயித்தார்கள், இத்தனைக்கும் ஒரே படிப்பு, ஒரே வேலை. அடிப்படையிலேயே 3,170 குறைந்தால் அகவிலைப்படியும் சேர்ந்து குறையும், அதனால்தான் அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சென்னையில் வந்து உட்கார்ந்து போராடினார்கள். பகுதிநேர ஆசிரியர்கள் நிலைமை இன்னும் மோசம். 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லித்தர 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், 2024-ல்தான் அது 12,500 ஆனது, அப்போதும் மே மாதம் சம்பளம் கொடுக்கவில்லை.

சரி, வேறு வேலை இல்லையா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் ஆசிரியர்களை அனுப்பலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவே சொல்கிறது. என் அக்கா வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். காலையில் சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்தபடி பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் வருகைப் பதிவு போட்டுக்கொண்டிருப்பார், உள்ளே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டோடு காத்திருக்கும்.