அந்தப் பாட்டை இழுக்காதீர்கள்

'ஐ வில் ஃப்ளை அவே' (நான் பறந்துபோவேன்) என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ பக்திப் பாட்டை ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்துப் பாடும் காணொளி ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். பியானோ, மெழுகுவத்தி வெளிச்சம், கண்ணை மூடிய பாடகி. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இது அப்படிப் பாட வேண்டிய பாட்டே இல்லை என்பது என் கட்சி.

எழுதியவர் ஆல்பர்ட் பிரம்லி. 1929 வாக்கில், இருபதுகளில் இருந்தபோது, ஓக்லஹோமாவில் அப்பாவின் நிலத்தில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்த முதுகு நிமிராத வேலை. அப்போது அவர் வாய் முணுமுணுத்தது பக்திப் பாட்டுகூட இல்லை. வெர்னன் டால்ஹார்ட் பாடி 1924இல் இசைத்தட்டாக வந்து சக்கைப்போடு போட்ட கைதிப் பாட்டு அது. தேவதையின் சிறகு மட்டும் கிடைத்தால் இந்தச் சிறைச் சுவரைத் தாண்டிப் பறந்துவிடுவேன் என்று அதில் கைதி ஏங்குவான். பிரம்லிக்குப் பொறி தட்டியது அங்கேதான். அந்தப் பருத்திக்காட்டை விட்டுப் பறந்துபோவதைத்தான் அப்போது கனவு கண்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிறைக் கம்பியிலிருந்து தப்பிய பறவை அவர் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

செத்த பிறகு சொர்க்கம் என்று ஏழைகளை ஆற்றி உட்காரவைக்கும் பாட்டு இது என்று சிலர் சொல்வார்கள். அந்த வகைப் பாட்டுகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் அலுப்புதான், அப்புறம் கிளம்பிவிடுவேன் என்று பாடுகிறவன் ஆறி உட்கார்ந்தவனாக எனக்குத் தெரியவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருப்பவன் குரல் அது.

பிரம்லி நிஜமாகவே கிளம்பியும் போயிருக்கிறார், இந்தப் பாட்டுக்கு முன்பே. 1926இல் ஆர்கன்சாவின் ஹார்ட்ஃபோர்ட் ஊரில் இருந்த இசைப் பள்ளிக்குப் போனார். கையில் காசில்லை. பள்ளியை நடத்திய பார்ட்லெட், அப்படியானால் என் வீட்டிலேயே தங்கிக்கொள் என்றார். 'விக்டரி இன் ஜீசஸ்' என்ற இன்னொரு புகழ்பெற்ற பக்திப் பாட்டை எழுதியவர் இந்த பார்ட்லெட்தான். 1939இல் பக்கவாதத்தில் விழுந்த பிறகு எழுதினார். அந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம்.

பருத்திக்காட்டுப் பாட்டு சில வருடம் சும்மா கிடந்தது. மனைவி கோல்டிதான் விடாமல் சொல்லி அனுப்பவைத்தார். 1932இல் ஹார்ட்ஃபோர்ட் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்தின் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. அந்தப் புத்தகங்கள் மலிவு அட்டைப் பதிப்புகள். ஸ்வரத்துக்கு ஒரு வடிவம்: முக்கோணம், சதுரம், வட்டம் என்று ஏழு. சங்கீதம் படிக்காத குடியானவர்களும் வடிவத்தைப் பார்த்தே பாடிவிடலாம். ஊர் ஊராக நடக்கும் பாட்டுக் கூட்டங்களில் நான்கு குரலாகப் பிரிந்து, ஒரு குரல் விட்ட இடத்தை இன்னொன்று பிடிக்கும். அதற்குத் துள்ளல் வேண்டும். மெழுகுவத்தி வேகத்தில் பாடினால் அந்த எடுப்பும் பதிலும் செத்துப்போகும்.

1948இல் பிரம்லி அந்த ஹார்ட்ஃபோர்ட் நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். காசில்லாமல் வந்து நின்ற பையன்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

சரி, நண்பருக்கு சக் வேகன் கேங் குழு பாடிய பழைய பதிவை அனுப்பியிருக்கிறேன். ஒரு கிட்டார், நான்கு குரல், அவ்வளவுதான். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதிலைத்தான் காணோம்.