காபிக்கு நன்றி, கரண்டுக்கு மொய்

போன வருஷம் ஆபீஸில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் சூரியகாந்திப் பூ, உள்ளே பக்கத்துக்கு மூன்று கோடு. ராத்திரி படுக்கும்முன் அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டும், இருபத்தோரு நாளில் மனசே லேசாகிவிடும் என்று ஒரு பயிற்சியாளர் வந்து ஏசி அறையில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். சும்மா வந்த டைரிதானே, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். முதல் நாள் காபி, மழை, உட்கார இடம் கிடைத்த மெட்ரோ. இரண்டாம் நாள் காபி, பையனின் கணக்கு மார்க், மீன் குழம்பு. இப்படியே ஒன்பது நாள். பத்தாம் நாள் என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காபி ஏழு தடவை வந்திருக்கு. போட்டுக் குடுத்தவ ஒரு தடவைகூட வரலையே, டிகாஷன் தானா இறங்குதாக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டைரியை அன்றைக்கே மூடி வைத்துவிட்டேன். கேள்விதான் போகமாட்டேன் என்றது.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். மொய் விருந்து நடக்குமே, அந்தச் சீமை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஆடி, ஆவணி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று எங்கு பார்த்தாலும் பந்தல்தான். ஏழெட்டுப் பேர் சேர்ந்துகூட ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள், கறிச்சோறு போடுவார்கள், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை வைத்தவர் மறுபடி வைக்க ஐந்து வருஷம் ஆக வேண்டும். முன்பெல்லாம் காதுகுத்து, கல்யாணம் என்று ஒரு சாக்கு இருக்கும். இப்போது சாக்கெல்லாம் கிடையாது, ஃப்ளெக்ஸிலேயே 'மொய் விருந்து' என்று அடித்துவிடுகிறார்கள், பணம் எண்ணுகிற மெஷின்கூட வந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது கறிச்சோறு இல்லை (சரி, அதுவும்தான்). நோட்டு. எங்கள் அப்பாவின் மொய் நோட்டுகள் நாலு, தகரப் பெட்டியில் நாப்தலின் உருண்டையோடு இருக்கின்றன. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள் தடவினது பழுப்பாகிப் போயிருக்கிறது. பெயர், ஊர், தொகை. அவ்வளவுதான். ஆனால் அப்பா இனிஷியல் இல்லாமல் ஒரு பெயரையும் எழுத விடமாட்டார். பத்தாவது படிக்கும்போது என்னை மொய் எழுத உட்காரவைத்தார்கள், அவசரத்தில் வெறும் கருப்பையா என்று எழுதிவிட்டேன், அத்தனை கூட்டத்திலும் வந்து எட்டிப் பார்த்தவர், "இந்த ஊர்ல மட்டும் நாலு கருப்பையா இருக்கான். எந்தக் கருப்பையான்னு தெரியாம எப்படிடா திருப்பிச் செய்வே?" என்றார்.

என் டைரியில் இருந்த கோளாறு அதுதான். எல்லாமே இனிஷியல் இல்லாத நன்றி. காபிக்கு, மழைக்கு, மெட்ரோவுக்கு. மழையிடம் போய் எதைத் திருப்பிச் செய்ய?

அப்புறம் இன்னொன்று. மொய் நோட்டு வாங்கினவர் வீட்டில்தான் இருக்கும். கொடுத்தவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரும் வீட்டில் தனியாகக் குறித்து வைத்திருக்கலாம், பல பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் பந்தலில் நாலு பேர் பார்க்க எழுதுவது வாங்கினவருடைய நோட்டு. நினைவு வைத்துக்கொள்கிற பொறுப்பு அவருடையது. கொடுத்தவர் வாய் திறந்து ஞாபகப்படுத்தும்படி ஆகிவிட்டால் அதைவிடக் கேவலம் இல்லை என்பார்கள். நம் ஆட்களுக்குச் சொல்லிக்காட்டுவது ஏன் இவ்வளவு அருவருப்பு என்று எனக்கு இதை வைத்துத்தான் புரிந்தது. ஆயிரம் செய்துவிட்டு ஒரு தடவை சொல்லிக்காட்டினால் ஆயிரமும் போச்சு. ஏனென்றால் அது அடுத்தவன் நோட்டைப் பிடுங்கி நாம் எழுதுவது.

மொய்யைப் பற்றி ரொம்ப உருகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மொய் திருப்ப நகையை அடகு வைத்தவர்களைத் தெரியும். திருப்பிச் செய்யவில்லை என்று வாசலில் வந்து கத்தினவர்களையும் பார்த்திருக்கிறேன். பணம் பெரிதாகப் பெரிதாக அது வட்டியில்லாக் கடன், அவ்வளவுதான். நான் சொல்வது நோட்டைப் பற்றி மட்டும்.

2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல் அடித்துவிட்டுப் போனது. அந்த ராத்திரி நான் சென்னையில். இரண்டாம் நாள்தான் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது. பட்டுக்கோட்டை தாண்டினதும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. இரண்டு பக்கமும் தென்னை மல்லாந்து கிடந்தது, வேரோடு கொஞ்சம், நடுவில் முறிந்து கொஞ்சம். எங்கள் கொல்லையில் எண்பத்திரண்டு மரம், அதில் நின்றது பதினொன்று. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அந்த மரங்களை நம்பித்தான் அம்மா ஊரில் தனியாக இருந்தார்.

அந்த நேரத்தில் போன் பண்ணின ஒரு உறவினர் அம்மாவிடம் சொன்னார்: "எல்லாம் நன்மைக்கேன்னு எடுத்துக்குங்க, பாசிட்டிவா இருங்க." அம்மா சரி சரி என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. "அவுக வீட்டுல மரம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இந்தப் பாசிட்டிவ் பேச்சின் மீது ஒவ்வாமை வந்தது அன்றைக்குத்தான். தென்னை வைத்தால் காய்ப்பைப் பார்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், நாட்டு ரகம் என்றால் இன்னும் கூட. அறுபத்திரண்டு வயதில் ஒருத்தி அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நன்மைக்கே என்று சொல்வதற்குப் பதில் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து விழுந்த மட்டையை வெட்டி ஒதுக்கலாம். அப்படி வந்தவர்களும் உண்டு. திருச்சி, மதுரை, கோவை என்று எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து, மெழுகுவத்தியும் தார்ப்பாயும் அரிசியுமாக வந்து இறக்கிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள்.

கரண்டு வரத்தான் நாள் ஆனது. கம்பம் முழுக்க விழுந்து கிடந்தது, உள்ளூர் ஆட்களை வைத்து ஆகாது என்று மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்களை இறக்கினார்கள், கேரளாவிலிருந்தும் வந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தது விழுப்புரம் பக்கத்து ஆட்கள். பகலெல்லாம் சேறு நிறைந்த வயலுக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்து போவார்கள். ராத்திரி பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்கை. அதில் ஒரு தம்பிக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும், உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அம்மா கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கெண்ணெய் தடவிவிட்டார். சோறு போட்டார். குழம்பு ரசம்தான், தொட்டுக்கொள்ள ஊறுகாய், அன்றைக்கு வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. அவன் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு உங்க வூட்டுல லைட்டு எரியும்மா" என்றான். எரியவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், புயல் அடித்த இருபத்திரண்டாம் நாள், எரிந்தது. தெருவே கத்தியது. நாங்கள் வெளியே ஓடி வந்து பார்த்தபோது அவர்கள் அடுத்த தெருவுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். அன்று ராத்திரி லைட்டுக்கு அடியில் தகரப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் கடைசி மொய் நோட்டை எடுத்து, எழுதாமல் கிடந்த பக்கத்தில் எழுதினார். அந்தத் தம்பியின் பெயர், இனிஷியலோடு. கேட்டு வைத்திருக்கிறார். ஊர். தொகை இருக்க வேண்டிய இடத்தில் 'கரண்டு'.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நன்றி என்கிற சொல்லையே நாம் கொஞ்சம் மாற்றித்தான் புழங்குகிறோம். குறளில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை, அதற்குப் பதிலாக வாயால் சொல்வது இல்லை. அதனால்தான் அங்கே 'நன்றி மறப்பது' வருகிறது. இன்றைக்கும் வீட்டுக்குள் யாரும் நன்றி என்று சொல்வதில்லை, சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு ஒரு உதவி செய்தால் "நல்லா இருப்பே" என்பார். இல்லாவிட்டால் இன்னொரு கரண்டி சோறு விழும்.

ஆய்வுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. 2003ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரித்து, சிலரை நன்றி சொல்லத் தோன்றுவதையும் சிலரை எரிச்சல் தந்ததையும் வாராவாரம் எழுதச் சொன்னார்கள். நன்றியை எழுதினவர்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள் என்று வந்தது. நம் ஆபீஸ் டைரிக்கெல்லாம் மூதாதை அந்த ஆய்வுதான் என்று நினைக்கிறேன். தினம் எழுதவைத்துப் பார்த்த இன்னொரு சுற்றில், அடுத்தவருக்கு ஆறுதலாக இருந்ததும் அவர்கள்தான் அதிகம் என்று வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இது. நமக்கு வருகிறபோது இந்த இரண்டாவது பாதி கழன்று விழுந்துவிடுகிறது. எழுதுகிறவன் மனசு லேசாவதோடு கடை மூடிவிடுகிறார்கள்.

நன்றியைக் கயிறாகப் பிடித்து இழுப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு மாசச் சம்பளம் தள்ளிப்போனது. கேட்டால், "சோறு போட்ட இடம்டா இது, நன்றி வேணும்" என்றார் முதலாளி. இருபத்திரண்டு வயசு, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதென்றால் சொல்வேன்: சார், நான் வேலை செய்தேன், நீங்கள் சம்பளம் தர வேண்டும், இதில் மொய் எங்கே வந்தது? கணவன் வீட்டில், படிக்கவைத்த மாமா வீட்டில், தெரிந்தவர் மூலம் வேலை வாங்கின இடத்தில் என்று இந்தச் செஞ்சோற்றுக் கடனை வைத்து எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறார்கள். நோட்டு யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான் முக்கியம்.

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன். அந்தச் சூரியகாந்தி டைரியிலேயே மூன்று கோட்டையும் அடித்துவிட்டு பெயர், ஊர், என்ன செய்தார் என்று பத்தி பிரித்துக்கொண்டேன். தினமும் எழுதுவதில்லை, இருந்தால் எழுதுவேன். முதல் வரி மனைவி பெயர், தொகை இடத்தில் 'டிகாஷன், பதினாறு வருஷம்'. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் மூன்றாவது மாடி அத்தை தூக்குச்சட்டியில் ரசம் கொடுத்தனுப்பினார், அது இருக்கிறது. அவர் கண் ஆபரேஷனுக்கு விடியற்காலையில் காரில் கூட்டிப்போனது நான், அந்த வரியில் டிக் போட்டாச்சு. மழையில் வண்டி நின்றுபோனபோது தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடை வரை வந்த ஸ்விகி பையன் பெயர் கேட்க மறந்துவிட்டேன். அப்பா இருந்தால் திட்டியிருப்பார். காலையில் எழும்போது மனசு பொங்குகிறதா என்றால் அப்படியெல்லாம் இல்லை. யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு வேலை இருக்கிறது, அன்றைய நாளைத் தொடங்க அது போதுமாக இருக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது, விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் கிடந்ததே, ஞாபகம் இருக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் அரிசி, பாய், போர்வை சேர்த்து லோடு வண்டி கட்டினார்கள். அம்மா இரண்டு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு, கூடவே நூறு தேங்காயையும் ஏற்றச் சொன்னார். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்று, அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தது. "வெள்ளத்துல கிடக்கிறவங்களுக்குத் தேங்காய் எதுக்கும்மா?" என்று போனில் கேட்டேன். "தண்ணி வடிஞ்சா குழம்பு வைக்க மாட்டாகளா? நீ சும்மா இரு" என்றார்.

அந்தத் தம்பியின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. வண்டியில் போன பையன்கள் கேட்டுப் பார்த்தார்கள், அவன் ஊர் வேறு பக்கமாம், பாதை துண்டித்துக் கிடந்ததாம், பக்கத்து ஊரில் இறக்கிவிட்டு வந்தார்கள். பொங்கலுக்குப் போனபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வரிக்கு நேரே அம்மா பென்சிலில் 'அரிசி 2 மூட்டை, தேங்காய் 100, அவன் ஊர்ப் பக்கம்' என்று எழுதியிருந்தார். டிக் மட்டும் இல்லை. ஏம்மா என்றேன்.

"அது அவன் ஊருக்குச் செஞ்சது. அவனுக்கு எங்க செஞ்சோம்? கல்யாணம் ஆயிருக்கும், பிள்ளைக்குக் காதுகுத்து வரும், விசாரிச்சு வை."